ஜெர்மன் நாணயப் பட்டியலைப் படிப்பது எப்படி? தரச் சொற்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜெர்மன் ஏலப் பட்டியலில் ஒரு வெள்ளி நாணயத்துக்கு நேரே ‘ஸேர் ஷோன்’ என்று போட்டிருக்கிறது. அகராதியைப் புரட்டினால் ‘மிக அழகு’ என்று வருகிறது. மொழிபெயர்ப்புச் செயலியும் அதையே சொல்கிறது. நம்பிப் பணம் கட்டினால், தலைமுடியும் காதும் தேய்ந்து வழவழத்துப்போன ஓர் அரசர் முகம் வந்து சேர்கிறது. விற்றவர் ஏமாற்றவில்லை. ஜெர்மன் நாணய வணிகத்தில் ‘மிக அழகு’ என்பது நடுத்தரமாகத் தேய்ந்த நாணயத்துக்கு வைத்த பெயர். வெறும் ‘அழகு’ என்றால் இன்னும் தேய்ந்தது. ‘நன்றாகப் பேணப்பட்டது’ என்றால் வாங்கவே யோசிக்க வேண்டியது.

இந்தச் சொற்களை அகராதிப் பொருளில் எடுத்தால் பணம் போகும். ஒவ்வொன்றையும் ‘எவ்வளவு தேய்மானம்’ என்று மாற்றிப் படிக்கப் பழகினால் ஒரு வாரத்தில் பட்டியல் பிடிபட்டுவிடும். பட்டியல்களில் சொற்கள் பெரும்பாலும் சுருக்கெழுத்தாகவே இருக்கும். அவற்றை இங்கே நாம் ஆங்கில எழுத்துகளைச் சொல்லும் ஒலியில் தந்திருக்கிறேன்: எஸ்எஸ், வி-இசட், எஸ்-டி என்று.

1. ஒரு வரியை மூன்றாகப் பிரியுங்கள்

எந்த விவரிப்பிலும் மூன்று வேறு செய்திகள் கலந்து கிடக்கும். நாணயம் எந்த முறையில் அடிக்கப்பட்டது என்பது ஒன்று. அடித்த பிறகு எவ்வளவு தேய்ந்தது என்பது இரண்டாவது. அதற்கு என்ன காயம் பட்டது என்பது மூன்றாவது. புதியவர்கள் இரண்டாவதை மட்டும் பார்த்துவிட்டு விலை பேசுகிறார்கள். விலையைப் பாதியாக்குவது பெரும்பாலும் மூன்றாவது.

பட்டியலின் முதல் பக்கங்களில் அந்த நிறுவனம் தன் சுருக்கெழுத்துகளை விளக்கியிருக்கும். அதை அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் சின்ன வேறுபாடுகள் உண்டு.

2. தேய்மானப் படிகளைக் கற்றுக்கொள்ளுங்கள்

மேலிருந்து கீழாக வருவோம். உடன் தரும் எண்கள் அமெரிக்காவின் 70 புள்ளி அளவில் ஏறத்தாழ எங்கே நிற்கும் என்பதைக் காட்டுபவை. அவற்றைத் துல்லியமான மாற்றுவீதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஷ்டெம்பெல்கிளான்ட்ஸ், சுருக்கம் எஸ்-டி. ‘ஷ்டெம்பெல்’ என்றால் இங்கே நாணயம் அடிக்கும் அச்சு; செயலி சொல்லும் ரப்பர் முத்திரை அல்ல. ‘கிளான்ட்ஸ்’ என்றால் மினுக்கம். அச்சிலிருந்து விழுந்தபோது இருந்த மினுக்கம் குன்றாத நாணயம் இது. தேய்மானம் கிடையாது, வெறுங்கண்ணுக்குத் தெரியும் காயமும் அநேகமாக இருக்காது. 65-உம் அதற்கு மேலும்.

பாங்க்ஃப்ரிஷ், ப்ரேகெஃப்ரிஷ், உன்ட்ஸிர்குலீர்ட். வங்கியிலிருந்தோ நாணயச்சாலையிலிருந்தோ புதிதாக வந்தது, புழங்காதது. ஆனால் பையிலும் எண்ணும் இயந்திரத்திலும் மற்ற நாணயங்களோடு மோதிய தழும்புகள் இருக்கும். ‘புழங்கவில்லை’ என்பதை ‘குறையில்லை’ என்று படித்துவிடக் கூடாது. 60 முதல் 64 வரை.

ஃபோர்ட்சூக்லிஷ், வி-இசட். அகராதியில் ‘மிகச் சிறந்தது’. உண்மையில் மேடான இடங்களில் மட்டும் இலேசாகத் தேய்ந்தது. ஜெர்மன் பேரரசுக் கால (1871–1918) நாணயம் என்றால் காதுக்கு மேலுள்ள முடியையும் மறுபுறம் கழுகின் மார்பையும் பாருங்கள், முதலில் தேய்வது அங்கேதான். 40 முதல் 58 வரை. இந்தப் படி மிக அகலமானது என்பதைக் கவனியுங்கள். 50-களில் உள்ள ‘ஏறக்குறைய புழங்காத’ படிக்கு ஜெர்மனில் தனிப் பெயர் இல்லை. அதுவும் இதற்குள்ளேயே அடங்குகிறது. எனவே ஒரே பெயரில் வரும் இரண்டு நாணயங்களின் விலை வெகுவாக வேறுபடலாம். படத்தில் எழுத்துகளைச் சுற்றியுள்ள பள்ளத்தில் மினுக்கம் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தால் மேல் பாதியா கீழ் பாதியா என்பது தெரியும்.

ஸேர் ஷோன், எஸ்எஸ். தேய்மானம் தெளிவாகத் தெரியும். எழுத்துகள் முழுதும் படிக்கலாம், முகம் தெரியும், முடியின் நுணுக்கங்கள் பாதி போயிருக்கும். 20 முதல் 35 வரை. சேகரிப்பாளர்களில் பெரும்பாலோர் தொடங்கும் படி இதுதான். விலைக்கும் தோற்றத்துக்கும் பொருத்தமான படியும் இதுவே என்பது என் கருத்து.

ஷோன், ஒற்றை எஸ். நன்கு தேய்ந்தது. உருவத்தின் வெளிக்கோடு இருக்கும், உள்விவரம் இருக்காது. 12 முதல் 15 வரை.

அதற்குக் கீழே ஸேர் கூட் எர்ஹால்டன் (‘மிக நன்றாகப் பேணப்பட்டது’), கூட் எர்ஹால்டன் (‘நன்றாகப் பேணப்பட்டது’), கெரிங் எர்ஹால்டன். 10-உம் அதற்குக் கீழும். ஜி-இ என்ற சுருக்கம் சில பட்டியல்களில் ‘கூட்’டையும் சிலவற்றில் ‘கெரிங்’கையும் குறிக்கும். எதுவானாலும் கிடைப்பதற்கரிய நாணயம் என்றால் மட்டுமே பார்க்க வேண்டிய படி.

தமிழில் குறிப்பெடுக்கும்போது ‘அழகு’, ‘சிறப்பு’ போன்ற சொற்களையே தொடாதீர்கள். எஸ்-டி: மினுக்கம் குன்றாதது. வி-இசட்: இலேசான தேய்மானம். எஸ்எஸ்: நடுத்தரத் தேய்மானம். எஸ்: மிகுந்த தேய்மானம். இந்த நான்கையும் பட்டியலின் மேல் ஓரத்தில் எழுதிவைத்தால் போதும்.

3. அடித்த முறையைத் தரத்தோடு குழப்பாதீர்கள்

போலீர்ட்டெ ப்ளாட்டெ, சுருக்கம் பிபி. மெருகேற்றிய வில்லையை (அடிப்பதற்கு முன்னுள்ள வெற்று உலோகத் துண்டை) மெருகேற்றிய அச்சால் தனித்தனியாக அடிக்கும் முறை இது. தரை, அதாவது உருவத்தைச் சுற்றியுள்ள வெற்றுப் பரப்பு, கண்ணாடிபோல் இருக்கும், உருவம் பனிபடர்ந்ததுபோல் மங்கலாக இருக்கும். ஜெர்மன் அரசு வெளியீடுகளில் இதையே ஷ்பீகெல்கிளான்ட்ஸ், ‘ஆடி மினுக்கம்’, என்கிறார்கள். இது தயாரிப்பு முறையின் பெயர் மட்டுமே. இப்படி அடித்த நாணயமும் விரல்பட்டுக் கெடலாம். அப்போது ‘பிபி பெரூர்ட்’ என்று போடுவார்கள்: தொடப்பட்டது, தரையில் மயிரிழைக் கீறல்கள் உண்டு என்று பொருள். ‘வி-இசட் அவுஸ் பிபி’ என்றால் பிபியாகப் பிறந்து தேய்ந்து வி-இசட்டுக்கு இறங்கியது.

இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. வெறும் ‘போலீர்ட்’ என்று எழுதியிருந்தால் அது பிபி அல்ல. யாரோ பின்னாளில் துணியும் பசையும் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிய நாணயம், அதாவது கெடுக்கப்பட்டது. ஒரே வேர்ச்சொல்தான், விலையோ இரண்டு துருவம்.

நவீன நினைவு நாணயங்களில் இந்தப் பெயர்கள் உலோகத்தையே மாற்றிவிடும். 2002 முதல் 2010 வரையான ஜெர்மன் 10 யூரோ நினைவு நாணயங்கள் எந்த முறையில் அடித்தவையானாலும் 925 வெள்ளி, 18 கிராம். 2011 முதல் 2015 வரை ஷ்பீகெல்கிளான்ட்ஸ் மட்டும் 625 வெள்ளி, 16 கிராம். அதே வடிவத்தின் ஷ்டெம்பெல்கிளான்ட்ஸ் வெள்ளியே இல்லை. செம்பு-நிக்கல் கலவை, 14 கிராம். இரண்டின் படமும் ஒன்றுபோலவே இருக்கும். வெள்ளி என்று நினைத்து நிக்கலை வாங்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2016-இல் தொடங்கிய 20 யூரோ வரிசையில் இரண்டும் மீண்டும் 925 வெள்ளி, 18 கிராம்.

4. இடைக்கோடு, சாய்கோடு, ‘ஃபாஸ்ட்’

எஸ்எஸ், வி-இசட் இரண்டுக்கும் நடுவில் இடைக்கோடு போட்டிருந்தால் நாணயம் இரண்டு படிகளுக்கும் இடைப்பட்டது. சாய்கோடு போட்டிருந்தால் முதலில் எழுதியது முன்பக்கத்தின் தரம், அடுத்து எழுதியது பின்பக்கத்தின் தரம். இரண்டையும் கவனமில்லாமல் மாற்றி எழுதும் விற்பனையாளர்களும் உண்டு என்பதால் படத்தோடு ஒப்பிடுங்கள்.

‘ஃபாஸ்ட்’ என்பது ஆங்கிலச் சொல் அல்ல. ஜெர்மனில் ‘கிட்டத்தட்ட’. ‘ஃபாஸ்ட் வி-இசட்’ என்றால் வி-இசட்டை எட்டவில்லை. கூட்டல் குறி சற்று மேல், கழித்தல் குறி சற்றுக் கீழ். இந்த அரைப்படிகளுக்குத் தனிவிலை கொடுக்காமல் கீழ்ப்படியின் விலையிலிருந்து தொடங்கிப் பேசுவது பாதுகாப்பு.

5. குறைச் சொற்களைத் தேடுங்கள்

பட்டியல் படிப்பதில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. குறைகளை இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்: நாணயச்சாலையிலேயே நேர்ந்தவை, வெளியே வந்தபின் மனிதர் செய்தவை. முதல் வகை பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளத் தக்கது. இரண்டாம் வகைக்குத்தான் அஞ்ச வேண்டும்.

நாணயச்சாலையில் நேர்ந்தவை: ஷ்ரோட்லிங்ஸ்ஃபேலர் என்றால் அடிப்பதற்கு முன்பே வெற்று வில்லையில் இருந்த குறை. ட்சைன்எண்டெ என்றால் உலோகப் பட்டையின் முனையில் வெட்டியதால் ஓரம் முழுமையாக வராதது. யூஸ்டீர்ஷ்பூரன் என்றால் எடையைச் சரிக்கட்ட அடிப்பதற்கு முன் வில்லையில் அரம் போட்ட கோடுகள். பழைய தாலர் எனும் பெரிய வெள்ளி நாணயங்களில் இது சாதாரணம். பார்ப்பதற்குக் கீறல்போல் இருந்தாலும் கோடுகள் இணையாக ஓடும், உருவத்தின் மேட்டில் அநேகமாக மறைந்துபோகும். ஷ்டெம்பெல்ரிஸ் என்றால் அச்சில் விழுந்த விரிசல் நாணயத்தில் மெல்லிய மேட்டுக் கோடாகப் பதிந்தது. ப்ரேகெஷ்வெஷெ என்றால் அச்சு சரியாக அழுந்தாத இடம். அதைத் தேய்மானம் என்று தவறாக எண்ணிவிடுவது எளிது. சுற்றியுள்ள தரையில் மினுக்கம் இருந்தால் அழுத்தக் குறைவு, இல்லாவிட்டால் தேய்மானம்.

மனிதர் செய்தவை: ராண்ட்ஃபேலர் விளிம்பில் பட்ட அடி. சுருக்கம் ஆர்-டி-எஃப். கீழே விழுந்த நாணயம். ‘க்லைன்’ (சிறிய), ‘வின்ட்ஸிக்’ (மிகச் சிறிய), ‘லைஷ்ட்’ (இலேசான) என்ற அடைமொழிகள் முன்னே வரும். ‘லைஷ்ட்’டை ‘எளிதான’ என்று செயலி மொழிபெயர்க்கும், அதை விட்டுவிடுங்கள். க்ராட்ஸர் என்றால் கீறல். பெரீபன் என்றால் உரசப்பட்டது.

ஹெங்கெல்ஷ்பூர் என்பதைத் தனியே சொல்ல வேண்டும். அகராதியில் ‘கைப்பிடித் தடம்’ என்று வரும், ஒன்றும் புரியாது. நம் ஊர்க் காசுமாலையை நினைத்துக்கொண்டால் உடனே விளங்கும். நாணயத்தின் தலையில் வளையம் பற்றவைத்து ஆபரணமாக அணிந்து, பிறகு அந்த வளையத்தை அறுத்தெடுத்த தழும்பு அது. விளிம்பில், பெரும்பாலும் மணிக்கூட்டின் 12 இருக்கும் இடத்தில், உருகிய உலோகத்தின் தடம் இருக்கும். ஃபாஸுங்ஸ்ஷ்பூரன் என்றால் சுற்றிலும் சட்டம் போட்டுப் பதித்திருந்த தடம். கெலோக்ட் என்றால் துளையிட்டது. கெஷ்டோப்ஃப்டெஸ் லோக் என்றால் துளையிட்டுப் பின்னர் அடைத்தது. இந்த நான்கில் எது இருந்தாலும் மேலே போட்டிருக்கும் தரத்தை மறந்துவிட்டு, அரை விலைக்கும் கீழே நினையுங்கள். தங்க நாணயம் என்றால் உலோக விலையோடு நிறுத்துங்கள்.

கெரைனிக்ட் என்றால் துலக்கப்பட்டது. நம் வீடுகளில் பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்க்கிற பழக்கத்தில் நாணயத்தையும் தேய்த்துவிடுகிறோம். மேற்பரப்பில் இருந்த இயல்பான மினுக்கம் ஒருமுறை போனால் திரும்பாது. கெக்லெடெட் என்றால் தரையைக் கருவியால் மழித்துச் சமமாக்கியது, இன்னும் மோசம். ட்ஸாபோனீர்ட் என்றால் நிறமற்ற மெருகெண்ணெய் பூசியது. அதை நிபுணர் நீக்க முடியும். க்ரூன்ஷ்பான் என்றால் செப்பு நாணயத்தின் பச்சைக் களிம்பு. பாட்டினா குறையல்ல. காலத்தால் படிந்த சீரான நிறம் அது, பல சேகரிப்பாளர்கள் அதற்குக் கூடுதல் விலை கொடுப்பார்கள்.

நாக்ப்ரேகுங் என்றால் பிற்காலத்தில் மீண்டும் அடித்தது. கோப்பீ என்றால் நகல். இவ்விரண்டும் சில சமயம் வரியின் கடைசியில், தரத்துக்கும் பின்னால் ஒளிந்திருக்கும்.

6. ஒற்றை எழுத்துப் பொறிகள்

ஆண்டுக்கு அடுத்து வரும் எழுத்து நாணயச்சாலையின் குறி: ஏ பெர்லின், டி மியூனிக், எஃப் ஷ்டுட்கார்ட், ஜி கார்ல்ஸ்ரூவெ, ஜே ஹாம்பர்க். இன்றும் இயங்குபவை இந்த ஐந்து. பழைய நாணயங்களில் வேறு எழுத்துகளும் வரும்.

அதே ஜே எழுத்து, பின்னால் எண்ணோடு வந்தால், 1871-க்குப் பிந்தைய ஜெர்மன் நாணயங்களுக்கான யேகர் அட்டவணையின் எண். ‘5 மார்க் 1958 ஜே, ஜே 387’ என்ற வரியில் முதல் ஜே ஹாம்பர்க், இரண்டாவது யேகர். 1958-இல் ஹாம்பர்க் அடித்தது 60,000 மட்டுமே என்பதால் அந்த எழுத்து விலையைப் பல மடங்காக்குகிறது. யேகர் எண்ணோ அந்த வகை 5 மார்க் அனைத்துக்கும் பொது. 387 என்ற எண்ணை மட்டும் வைத்து விலை தேடினால் 1951-இன் மலிவான நாணயத்தின் விலையும் வரும், 1958-இன் விலையும் வரும்.

சிறிய எஸ் ‘ஷோன்’ என்ற தரமாக இருக்கலாம். புள்ளியோடு படத்தின் முன்னால் வந்தால் ‘ஸீயெ’, அதாவது ‘பார்க்க’. பெரிய ஆர் அரிது, இரண்டு ஆர் மிக அரிது. இது தரத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. அரிய நாணயம் மிகத் தேய்ந்தும் இருக்கலாம்.

தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் வெளியிட்ட காசுகளும் ஜெர்மன் ஏலங்களில் அவ்வப்போது வரும். அவற்றை ‘இந்தியா’ என்ற தலைப்பில் மட்டும் தேடாமல் ‘டென்மார்க்’, ‘ட்ராங்கெபார்’ என்ற தலைப்புகளிலும் தேடுங்கள். கையால் அடித்த அந்தச் சின்னச் செம்பு, ஈயக் காசுகளில் எஸ்எஸ் கிடைத்தாலே நல்ல காசு.

7. ஒரு வரியைப் பிரித்துப் பார்ப்போம்

“ப்ராய்ஸன், இரண்டாம் வில்ஹெல்ம். 5 மார்க் 1903 ஏ. ஜே 104. க்லைனெ ராண்ட்ஃபேலர், முன்பக்கம் லைஷ்ட் பெரீபன், ஷோனெ பாட்டினா, எஸ்எஸ்-வி-இசட்.”

பிரஷ்யா, பெர்லினில் அடித்தது, யேகர் 104. விளிம்பில் சின்ன அடிகள், பன்மை. முன்பக்கம் இலேசாக உரசப்பட்டது. ‘ஷோனெ’ இங்கே தரமல்ல, பாட்டினாவுக்கு அடைமொழி. நிறம் அழகாகப் படிந்திருக்கிறது என்பதே பொருள். பலர் தடுக்கி விழும் இடம் இது. கடைசியில் வருவதே தரம்: நடுத்தரத்துக்கும் இலேசான தேய்மானத்துக்கும் இடையே. விளிம்படி இருப்பதால் எஸ்எஸ் விலையைத் தாண்டிக் கேட்கத் தேவையில்லை.

இப்படி இருபது வரிகளைத் தாளில் பிரித்து எழுதி, ஒவ்வொன்றையும் படத்தோடு ஒப்பிட்டு, ஏலம் முடிந்ததும் எட்டிய விலையையும் பக்கத்தில் குறியுங்கள். பணம் போடுவதற்கு முன் இந்தப் பயிற்சியைக் குறைந்தது இரண்டு ஏலங்களுக்காவது செய்யுங்கள்.

8. செலவும் கெடுவும் காகிதங்களும்

ஷெட்ஸ்ப்ரைஸ் மதிப்பீட்டு விலை. ட்ஸூஷ்லாக் சுத்தியல் விழும் விலை. அவுஃப்கெல்ட் அதன்மேல் வாங்குபவர் தரும் கூடுதல். இந்த விகிதம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், விதிப்பக்கத்தில் இருக்கும். 20 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், சுத்தியல் விலை 200 யூரோ, கூடுதல் 40, காப்பீட்டோடு அஞ்சல் 15 என்று 255 யூரோ ஆகிறது. எனவே கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள்: கையில் 255 இருந்தால் அஞ்சலைக் கழித்து 1.20-ஆல் வகுத்து, 200-க்கு மேல் கேட்காதீர்கள். இணைய நேரலைத் தளத்தின் வழியாகக் கேட்டால் தளத்துக்கென்று தனிக் கட்டணம் சேரக்கூடும்.

ஜெர்மனியில் பொது மதிப்புக்கூட்டு வரி 19 விழுக்காடு, குறைந்த விகிதம் 7. ‘டிஃபெரென்ட்ஸ்பெஷ்டொயரூங்’ என்று குறிப்பிட்ட நாணயத்தில் வரி விலைக்குள்ளேயே அடங்கியிருக்கும், தனியே காட்டமாட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் வரி நீக்கம் கிடைக்குமா என்பதை ஏலத்துக்கு முன்பே எழுதிக் கேட்க வேண்டும். தங்கள் நாட்டுச் சுங்க விதியையும் அப்போதே பார்த்துவிடுங்கள். மிகப் பழைய நாணயங்களுக்கு 2016-இன் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டப்படி ஏற்றுமதி அனுமதி தேவைப்படலாம். அது தேவையென்றால் பொதி கிளம்பத் தாமதமாகும்.

வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாகப் பணம் அனுப்பும்போது, கட்டணம் முழுவதையும் அனுப்புபவரே ஏற்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் நடுவில் உள்ள வங்கிகள் பிடித்துக்கொண்டு தொகை குறைவாய்ப் போய்ச் சேரும். மீதி வரும்வரை நாணயம் கிளம்பாது.

ஜெர்மனியில் வசிக்கும் தனிநபர் ஒரு வணிகரின் இணையக் கடையில் வாங்கினால் 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பலாம். நேரில் கலந்துகொள்ள இடமுள்ள பொது ஏலத்தில் இந்த உரிமை கிடையாது. அங்கே குறை சொல்ல வேண்டுமானால் விதிகளில் உள்ள கெடுவுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். தரம் என்பது நிறுவனத்தின் சொந்த மதிப்பீடு என்றே விதிகளில் எழுதியிருப்பார்கள். ஆகவே ‘வி-இசட் என்றீர்கள், எஸ்எஸ்-தான் இருக்கிறது’ என்ற வாதம் அரிதாகவே செல்லும். ‘வளையத் தழும்பு இருக்கிறது, விவரிப்பில் இல்லை’ என்ற வாதம் செல்லும்.

பட்டியல் பக்கம், ஏலப் பொருளின் எண், படம், ரசீது ஆகிய நான்கையும் சேர்த்து வையுங்கள். நாணயத்தோடு வரும் பழைய சிறு துண்டுச்சீட்டை எறிந்துவிடாதீர்கள். முந்தைய சேகரிப்பாளர் எழுதியது அது. நாணயம் யார் கைகளின் வழியே வந்தது என்பதற்குச் சில வேளை அது மட்டுமே சான்று.

நாணயத்தைப் பெட்டியிட்டு எண்தரம் வாங்க விரும்பினால், அதைச் செய்துதரும் அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனங்களான என்ஜிசிக்கு மியூனிக்கிலும் பிசிஜிஎஸ்ஸுக்குப் பாரிஸிலும் அலுவலகம் உண்டு. துலக்கிய, பற்றவைத்த, துளையிட்ட நாணயத்தை அனுப்பினால் வழக்கமான எண்தரம் வராது, குறையின் பெயரைத்தான் சீட்டில் எழுதித் தருவார்கள். கட்டணம் வீண்.

9. பொதி வந்த அன்றே செய்ய வேண்டியவை

பொதியைப் பிரிப்பதைப் படம்பிடியுங்கள். விளிம்பை மட்டும் பிடித்து, 10 மடங்கு பூதக்கண்ணாடியில் முதலில் விளிம்பு முழுவதையும் சுற்றிப் பாருங்கள். பட்டியல் படத்தில் விளிம்பு தெரிவதில்லை என்பதால் சொல்லாத குறை இருந்தால் அங்கேதான் இருக்கும். பிறகு விளக்கொளியில் சாய்த்துத் திருப்புங்கள். இயல்பான மினுக்கம் ஒளியோடு சேர்ந்து சுழலும், துலக்கிய பரப்பு அசையாமல் தட்டையாக ஒளிரும்.

நூறில் ஒரு கிராம் காட்டும் தராசில் நிறுங்கள். பேரரசுக் கால வெள்ளியில் 5 மார்க் 27.78 கிராம், 3 மார்க் 16.67, 2 மார்க் 11.11. தங்க 20 மார்க் 7.96. நன்றாகத் தேய்ந்த 5 மார்க் கால் கிராம் குறைவது இயல்பு. ஒரு கிராம் குறைந்தால் அன்றைக்கே நிறுவனத்துக்கு எழுதுங்கள்: ஏலப் பொருளின் எண், தராசின் படம், விவரிப்பில் இல்லாத குறை எது என்ற ஒரு வரி. நாணயம் வந்த மென்பிளாஸ்டிக் உறையை உடனே மாற்றிவிடுங்கள். பல மாதம் அதற்குள்ளேயே கிடந்தால் பிசுபிசுப்பான பச்சைப் படலம் படியும், பிறகு நீங்கள் விற்கும்போது அதுவும் ஒரு குறைச் சொல்லாகப் பட்டியலில் ஏறும்.